பல் சுத்தம் செய்பவருக்குத் தொடர்கல்வி எதற்கு?

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் உள்ள நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கும் ஊர் கீழக்குயில்குடி. ஊரை ஒட்டியே சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இடங்களில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆசிரியர் யார், அவருடைய மாணாக்கர் யார், சிற்பத்தைச் செய்வித்தவர் யார் என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

இந்தத் துறவிகளைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. திகம்பர சமணத் துறவிகளுக்கு 28 அடிப்படை விதிகள். அவற்றில் ஒன்று, பல் துலக்காமல் இருப்பது! உடம்பின் மேல் பற்று வரக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. துறவிகளுக்கு அது சரி. மலைக்குக் கீழே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதுதான் விதி. ஆலங்குச்சி, வேலங்குச்சி, சாம்பல், செங்கல்பொடி, உப்பு என்று கையில் கிடைத்ததைக் கொண்டு தேய்த்தார்கள்.

இன்று பெட்டிக்கடையிலும் டூத்பேஸ்ட் தொங்குகிறது. ஆனாலும் ஈறில் இரத்தம் கசிவதும், வயதாகும் முன்பே பல் ஆடுவதும் நின்றுவிடவில்லை. பல்லில் படியும் மெல்லிய படலத்தை அன்றன்று எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து அது கல் போல இறுகிவிடும். இதுதான் காரை. இறுகிய பிறகு எந்த பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே படித்தவர்தான் டென்டல் ஹைஜீனிஸ்ட் எனப்படும் பல் சுகாதாரப் பணியாளர். அவருடைய படிப்பு டிப்ளமோ வாங்கிய நாளோடு முடிந்துவிடலாமா? கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

யார் இந்த ஹைஜீனிஸ்ட்?

அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். அவர் 1906-ல் தம்மிடம் உதவியாளராக இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் இதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளின் பற்களைச் சுத்தம் செய்தார்கள். அதோடு, எப்படித் துலக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆக, இந்தத் தொழில் பிறக்கும்போதே பாதி மருத்துவம், பாதி வாத்தியார் வேலை.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமும் ஏறக்குறைய இதையே சொன்னது. பல்லில் காரை எடுப்பவர், சுத்தம் செய்பவர், பாலிஷ் செய்பவர், அல்லது பல் சுகாதாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர் ஹைஜீனிஸ்ட் என்பது அதன் வரையறை. இரண்டாண்டு டிப்ளமோ, மாநிலப் பதிவேட்டில் பதிவு, பல் மருத்துவரின் மேற்பார்வையில் வேலை என்பது இங்குள்ள முறை.

சொல்லிக்கொடுப்பது அவருடைய தொழிலில் ஒரு பங்கு என்று சட்டமே சொல்கிறது. சொல்லிக்கொடுப்பவர் கற்பதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பழைய பாடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அது சில நேரம் வெறும் பழைய பாடமாக இருக்கும். சில நேரம் உயிருக்கு ஆபத்தாகவும் முடியும்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று கண்டறியப்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது இது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழக அரசின் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோது ஓர் அதிர்ச்சியான விஷயம் தெரிந்தது. 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள்.

எப்படி நடந்தது? சலைன் பாட்டிலை, ஈறைப் பிரிக்கும் கருவியாலேயே திறந்திருக்கிறார்கள். பிறகு தளர்வாக மூடி வைத்து, அதே சலைனை மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

பல் வலி என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. காரணமோ ஒரு பாட்டிலைத் திறக்கும் பழக்கம்! அந்தப் பழக்கத்தை யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கியிருக்க மாட்டார்கள். கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்திருப்பார்கள், ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் அதையே செய்திருப்பார்கள். தவறான பழக்கங்கள் இப்படித்தான் நிலைக்கின்றன. டிப்ளமோ முடித்த நாளில் இந்தப் பழக்கம் இருக்காது, ஐந்தாறு வருடங்களில் மெதுவாக உள்ளே வரும். வெளியிலிருந்து ஒருவர் வந்து "இது தப்பு" என்று சொல்லும்வரை அது கண்ணுக்கே தெரியாது.

கருவிகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் போதும் என்ற நினைப்பும் இதே வகை. கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது, சில கிருமிகளின் வித்துகள் அதில் சாவதில்லை. ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு கூடிய நீராவியில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். அந்த இயந்திரம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கும் தனியே சோதனை உண்டு. ஒரு கிளினிக்கில் தட்டையும் பாட்டிலையும் ஆட்டோகிளேவையும் அதிகம் தொடுவது யார்? பெரும்பாலும் ஹைஜீனிஸ்டும் உதவியாளரும்தான். புதுப்பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியதும் அவர்களிடம்தான்.

பாடம் மாறிக்கொண்டே இருக்கிறது

ஈறு நோயை வகைப்படுத்தும் முறையையே 2018-ல் உலக அளவில் மாற்றிவிட்டார்கள். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாகப் போகும் என்பதையும் இப்போது கணக்கிட வேண்டும். அதில் புகைப்பழக்கமும் சர்க்கரை அளவும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. அதற்கு முன்னால் படித்தவர்களின் பாடப்புத்தகத்தில் இது இருந்திருக்க வழியில்லை.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள உறவு இருவழிச் சாலை போன்றது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினமாகும். ஈறு நோய்க்குச் சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகிறது என்று 2022-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. அப்படியென்றால் காரை எடுக்கும் நாற்காலி, சர்க்கரை நோய்ச் சிகிச்சைக்கும் உதவும் இடம். "அம்மாச்சி, சுகர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா? கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?" என்ற ஒரு கேள்வியை அங்கே கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

புகையிலையும் அப்படித்தான். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 21.4 சதவீதம் பேர் மெல்லும் புகையிலை போன்ற புகையில்லா வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய கன்னத்தில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அரை மணி நேரம் வாயைத் திறந்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஹைஜீனிஸ்டுக்குக் கிடைக்கிறது. அவர் பல்லை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் வாய்ப்பு கை நழுவிப் போகும்.

பேசவும் பயிற்சி வேண்டும்

நோயாளி நலன் என்றால் கருவியும் கிருமியும் மட்டும் அல்ல. கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பாட்டி பஸ் ஏறி டவுன் கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏத்தா, சுத்தம் பண்ணினா பல்லு ஆடிப்போயிரும்னு சொல்றாகளே, நெசமா?" என்று கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாட்டி, வாயைத் திறங்க" என்பது ஒரு பதில். வீட்டுக்குப் போனதும் பல் லேசாக ஆடுவதுபோல் தெரியும். பாட்டி பிறகு அந்தப் பக்கமே வர மாட்டார், தெருவில் நாலு பேரையும் வர விட மாட்டார்.

"ஈறு ஏற்கெனவே இறங்கியிருக்கு பாட்டி. இத்தனை நாள் இந்தக் காரைதான் பல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை எடுத்ததும் கொஞ்ச நாள் ஆடுற மாதிரி இருக்கும், கூசும். ஆனா எடுக்கலைன்னா ஈறு இன்னும் இறங்கும்" என்பது இன்னொரு பதில். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சொல்லிப் பழக வேண்டும். சொன்னதைப் பாட்டி புரிந்துகொண்டாரா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்துப் பார்க்கவும் பழக வேண்டும். இப்படிப்பட்ட பயிற்சி புத்தகத்தில் கிடைக்காது.

மற்ற நாடுகளில்...

பிரிட்டனில் 2018 முதல் உள்ள விதிப்படி, ஐந்தாண்டுக்குள் பல் மருத்துவர் 100 மணி நேரமும், ஹைஜீனிஸ்ட் 75 மணி நேரமும் தொடர்கல்வி பெற்றால்தான் பதிவில் நீடிக்க முடியும். அவசர முதலுதவி, கிருமி நீக்கம் போன்றவை அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் பாடங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹைஜீனிஸ்டுகள் இரண்டாண்டுக்கு 25 மணி நேரம் படிக்க வேண்டும். இங்கும் பல் மருத்துவர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் உண்டு. பக்கத்தில் நின்று பாதி வேலையைச் செய்பவரைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நியாயமான தடைகள் இருக்கின்றன. சிறிய கிளினிக்கில் சம்பளம் குறைவு, ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும். வகுப்பு சென்னையில் நடந்தால் பஸ் செலவும் ஓர் இரவுத் தூக்கமும் போகும். ஆங்கிலத்தில் நடந்தால் பாதி புரியாது. இன்னொரு தடையும் உண்டு. கையெழுத்துப் போட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டு, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வருவதும் தொடர்கல்வி என்றே அழைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட தொடர்கல்வியால் எந்த நோயாளிக்கும் பலன் இல்லை.

அதனால் முறையை மாற்ற வேண்டும். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை நாள், தமிழில், கையில் கருவியோடு வகுப்பு நடத்த இவை போதும். அந்த அரை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது கிளினிக் முதலாளியின் பொறுப்பு. புள்ளி கொடுப்பதை வகுப்புக்கு வந்ததற்காக மட்டும் கொடுக்காமல், வேலை மாறியதற்காகக் கொடுக்கலாம். வகுப்புக்கு முன் வந்த இருபது நோயாளிகளுக்கு ஈறில் எத்தனை இடத்தில் இரத்தம் கசிந்தது, மூன்று மாதம் கழித்து எத்தனை இடத்தில் கசிகிறது என்று ஒரு நோட்டில் குறித்தாலே பலன் தெரிந்துவிடும்.

பல கிளினிக்குகளில் டிப்ளமோ இல்லாத, வேலையில் சேர்ந்து பார்த்துப் பழகிய உதவியாளர்களே இருக்கிறார்கள். கிருமி நீக்கம், முதலுதவி வகுப்புகளில் அவர்களையும் உட்கார வைக்க வேண்டும். அதே சமயம், அரை நாள் வகுப்புக்குப் போனதால் காரை எடுக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடாது. தொடர்கல்வி படித்தவரை மெருகேற்றுவதற்கு. படிப்புக்குப் பதிலாக வரும் குறுக்கு வழியாக அது ஆகிவிடக் கூடாது.

1948 சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல் மருத்துவரோடு துணைப் பணியாளர்களின் பதிவேடும் அதன் வரம்புக்குள் வருகிறது. பதிவைப் புதுப்பிக்க ஹைஜீனிஸ்டுக்கும் இத்தனை மணி நேரப் பயிற்சி என்று கண்டிப்பாக எழுதிவிட இது நல்ல தருணம்.

சமணர் மலையில் பாடம் சொன்னவர்கள் பல் துலக்கினார்களோ இல்லையோ, மாணாக்கர் வரிசையை விடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் கல்லில் அது தெரிகிறது. மலையடிவாரத்திலிருந்து டவுனுக்கு வரும் பாட்டி கேட்பது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. தன் வாயில் கருவி வைக்கும் பெண் போன மாதமாவது புதிதாக ஒன்று கற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்து கொடுக்க முடியாதா என்ன?