குட்டிப் பிள்ளைகளுக்கு மான் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கிண்டி சிறுவர் பூங்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். இரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரு குடும்பம் வரும். அப்பா கையில் டிக்கெட், அம்மா தோளில் ஒரு பெரிய பை. பிள்ளை மட்டும் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, தரையில் போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அங்க மான் இருக்குடா செல்லம், வா வா, பூட்டிடுவாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார் அப்பா. பிள்ளை அழும். "இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தா எறும்பைப் பார்க்குது பாருங்க" என்று அம்மா சலித்துக்கொள்வார்.

அந்த இடத்தில் இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான்!

கிண்டியைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மாநகரத்தின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் திரியும் காடு எத்தனை ஊருக்கு வாய்க்கும்? எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சொர்க்கம். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் மூன்றடிக்கும் குறைவு. வேலிக்கு அப்பால் நிற்கும் மான் அதற்கு ஏதோ பழுப்பாக அசைகிற ஒன்று, அவ்வளவுதான். எறும்போ மூக்குக்கு நேரே இருக்கிறது. ஒரு சருகை வைத்து வழியை மறிக்கலாம். எறும்பு திகைத்து நிற்கும், சுற்றிப் போகும். இந்த வயதில் இதைவிடப் பெரிய காட்சி எது?

சின்னப் பிள்ளைகளோடு வெளியே போவது தொல்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல. பெரியவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும், ஃபோட்டோ எடுக்க ஒரு பின்னணி வேண்டும். பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். தெருமுனை வரை போக அதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம்தான் சுற்றுலா.

இது நம் வீடுகளுக்குத் தெரியாத விஷயமா என்ன? நிலாச்சோறு என்று ஒன்று இருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, காக்காய்க்கு ஒரு வாய், நாய்க்குட்டிக்கு ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய் என்று ஊட்டினார்கள். பாட்டிகள் எல்லோரும் இயற்கை ஆர்வலர்கள் என்று அர்த்தமில்லை. சோறு உள்ளே இறங்க வேண்டும், அவ்வளவுதான் :) ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அந்தப் பிள்ளை வெளிக்காற்றில் இருந்தது. அணில் எந்தப் பக்கம் ஓடும், மழைக்கு முன்னால் வானம் எப்படி இருட்டும் என்று பார்த்தது. இப்போது அந்தச் சாப்பாட்டு நேரம் மொத்தமாக செல்ஃபோனுக்குப் போய்விட்டது. தண்ணீர் பாட்டிலில் ஃபோனைச் சாய்த்து வைத்தால் பிள்ளை வாயைத் திறக்கிறது. வாயில் என்ன போகிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. வாசல் நேரத்தை மொத்தமாகத் தொலைத்துவிட்டு, அதற்கு ஈடாக மாதம் ஒருமுறை பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள். கணக்கு உதைக்கிறதே!

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதுமாகச் சேர்த்து குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலோ நாற்காலியிலோ கட்டிப்போடக் கூடாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்கிறது. மூன்று மணி நேரம்! இரண்டு அறை ஃபிளாட்டுக்குள் இது எப்படி நடக்கும்? சோஃபாவில் ஏறிக் குதித்தால் கீழ்வீட்டு மாமி வந்து நிற்பார்.

"மண்ணில் விட்டால் புழு வரும், சளி பிடிக்கும், கொசு கடிக்கும்" என்பார்கள். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கொக்கிப்புழு வெறும் காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கிறது. பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகுக்கு வைக்கும் அரளியின் இலை, பூ, விதை எல்லாமே விஷம். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற வயதுக்கு இது சின்ன ஆபத்து இல்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் செருப்பு, முழுக்கை சட்டை, வீடு திரும்பியதும் சோப்பு, கூடவே இரண்டு கண்கள் என்று வழி இருக்கிறது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. அதில் ஒரு வயதிலிருந்தே அங்கன்வாடியில் இலவசமாக மாத்திரை தருகிறார்கள். வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்து வரும் கேட்டுக்கு அப்படி ஒரு மாத்திரை கிடையாது.

மண் வெறும் அழுக்கும் அல்ல. ஃபின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பிப் பார்த்தார்கள். 28 நாளில் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிரிகளின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பைச் சீராக வைக்கும் சில அறிகுறிகள் ரத்தத்திலும் தெரிந்தன. 2020-இல் வெளியான சின்ன ஆய்வு அது. அங்கே இருந்ததும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள்தான். ஃபின்லாந்துக் காட்டு மண்ணும் சென்னைத் தெருவோர மண்ணும் ஒன்றல்ல என்பதும் சரி. ஆனால் நம் ஊரில் நடப்பது நேர் எதிர். இருக்கிற மண்ணையும் சிமெண்ட் கல் போட்டு மூடிவிட்டு, மிச்சமிருக்கும் புல்லில் "நடக்காதீர்கள்" என்று பலகை நடுகிறார்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்குத் தனிப் பாதை போடும் பூங்காவில், நாய் வராதபடி வலை அடித்து ஒரு லோடு மணல் கொட்டி வைத்தால் என்ன? வீடு கட்டும் இடத்து மணல்மேட்டில் ஏறிச் சறுக்காமல் வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அது வரும்வரை இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம். மழை படாத புழுதி மண்ணில், கோயில் மதில் ஓரமோ வாட்ச்மேன் அறையின் சன்ஷேடுக்கு அடியிலோ, சின்னச் சின்னப் புனல் மாதிரி குழிகள் இருக்கும். குழியானை! ஓர் எறும்பு உள்ளே சறுக்கினால் அடியிலிருந்து மண் பறக்கும். தோண்டி உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். மரவட்டையைத் தொட்டால் சுருளும், தொட்டாச்சிணுங்கி மூடிக்கொள்ளும், தூங்குமூஞ்சி மரம் சாயந்திரம் இலையை மடக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் நண்டு வளைக்கு முன்னால் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் நண்டு எட்டிப் பார்க்கும் (இரண்டு வயதுப் பிள்ளை சத்தம் போடாமல் இருப்பது வேறு விஷயம்). எதற்கும் டிக்கெட் கிடையாது.

இதற்கெல்லாம் அப்பா அம்மாவுக்கு எங்கே நேரம் என்பது நியாயமான கேள்வி. எட்டு மணிக்கு வீடு வருகிறவர்களைக் குழியானை தோண்டச் சொல்ல முடியாது. ஆனால் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும் சித்தப்பாக்கள், சித்திகள், மாமாக்கள், அத்தைகள் ஒரு பட்டாளமே இருக்கிறார்கள். ஃபோனைப் பிடுங்கினால் பிள்ளை அழும், முதல் இரண்டு நாள் நிச்சயம் அழும். சோற்றுக் கிண்ணத்தோடு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அமாவாசையாக இருந்தாலும் பரவாயில்லை. மீனம்பாக்கம் பக்கம் வீடு என்றால், ஒரு கிண்ணம் சோறு முடிவதற்குள் நாலு விமானமாவது போகும்.