பறவைகளின் பாதையும் எமது காணிகளும்

மாரிமழை தொடங்கியதும் யாழ்ப்பாண நீரேரிகளுக்குத் தூரதேசத்துப் பறவைகள் வருவது புதிதன்று. அவற்றைப் பார்ப்பதற்கென்றே மனிதர் கூட்டமாக வருவதுதான் புதிது. 2009 இல் போர் முடிந்தது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் கொழும்பிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் வருவோரை வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் பறவை பார்க்கும் சுற்றுலாக்கள் வடக்கில் வழக்கமாகிவிட்டன. மன்னாரில் வங்காலையையும் கட்டுக்கரைக்குளத்தையும் பார்த்து, பூநகரி ஊடாகக் குடாநாட்டுக்கு வந்து, பண்ணைப் பாலம், மண்டைதீவு, அராலி, ஊர்காவற்றுறைக் கரை, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என்று அந்தப் பயணம் நீளும்.

காணியை விட்டு வந்து உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் காலங்கழிக்கும் எமது குடும்பங்களிடம் இதைப் பேசினால், “எங்கட வயலுக்கே நாங்கள் போகேலாமல் இருக்கிறம், இப்ப குருவி பார்க்கிறதோ வேலை?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை தமது மண்ணில் மண்வெட்டி போடவில்லை. ஆயினும் பறவைகளின் விடயம் எமது காணி விடயத்துக்கு வெளியே நிற்பதன்று, அதனோடு பின்னிக் கிடப்பது என்பதே எமது கருத்து. அதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

பாதையின் முடிவிடம்

உலகில் வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் பின்பற்றும் பெரும் பாதைகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று மத்திய ஆசியப் பாதை. வடதுருவப் பனிக்கரையில் தொடங்கி, சைபீரியா, மத்திய ஆசியா, இமயமலை, இந்தியா என ஏறத்தாழ 30 நாடுகளுக்கூடாக அது வருகிறது. அதன் தெற்கு முனையில் இருப்பது இலங்கை. எமது தீவுக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடலைத் தவிர வேறொன்றுமில்லை. எனவே இங்கு வரும் பறவைகள் மாரிகாலம் முழுவதையும் இங்கேயே கழிக்க வேண்டியவை.

2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி விட்டார்கள். அவற்றுள் ஒன்று ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை சென்று, கோடை கழிந்ததும் மன்னாருக்கே திரும்பி வந்தது. இத்தனை நாடுகளைக் கடந்து வரும் பறவையைக் காக்க எந்த ஒரு நாட்டாலும் தனித்து இயலாது. ஆகவே 2024 பெப்ரவரியில் உஸ்பெகிஸ்தானின் சமர்க்கந்து நகரில் கூடிய வலசை உயிரினங்களுக்கான மாநாடு, இப்பாதை நாடுகளின் கூட்டு முயற்சிக்கு இணக்கம் தெரிவித்தது. இனிமேல் வடக்கின் நீரேரிகள் மீது உலகின் கண் கூடுதலாகவே விழும். அப்போது நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

மாரியை நம்பும் இருவர்

பறவைகள் ஏன் இங்கு வருகின்றன? எமது நீரேரிகள் ஆழமற்றவை. மாரியில் நன்னீர் பெருகி, கோடையில் வற்றி உப்புப் படியும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் சேற்றில் புழுவும் சிறுநண்டும் இறாற்குஞ்சும் பெருகுகின்றன. உள்ளானும் கருவால் மூக்கனும் சேற்றைக் கிளறும். ஊசிவால் தாராவும் நீலச்சிறகியும் நீரில் மேயும். பூநாரை உவர்நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்ணும். வயலும் குளமும் இதன் மறுபாதி. உழுத சேற்றில் கொக்கும் நாரையும் புழு பூச்சி பொறுக்குவதையும், அரிவு வெட்டிய பின் சிந்திய நெல்லுக்குப் பறவைகள் இறங்குவதையும் அறியாத கமக்காரன் இல்லை.

புரட்டாதி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்பும் பறவையும், காலபோகத்துக்கு வானத்தைப் பார்த்து விதைக்கும் கமக்காரனும் ஒரே மழையை நம்பி வாழ்பவர்கள். குளம் தூர்ந்தாலும், வாய்க்கால் அடைபட்டாலும், தரவையில் குப்பை கொட்டப்பட்டாலும் இருவருக்கும் நட்டமே.

தண்ணீரின் கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதற்குத் தெற்கில் ஓர் உதாரணம் உண்டு. அம்பாந்தோட்டையிலுள்ள பூந்தல, 1990 இல் இலங்கையின் முதலாவது இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பூநாரைகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. மேலே அமைந்த நீர்ப்பாசனத் திட்டத்தின் மிகுதி நன்னீர் அங்குள்ள களப்புகளில் வடிந்து உப்புத்தன்மை குறைந்தது. உணவு அற்றுப்போக, பூநாரைகளும் அவ்விடத்தைக் கைவிட்டன. இன்று பூநாரையைப் பார்க்க விரும்புவோர் வடக்கு நோக்கியே வருகிறார்கள்.

எல்லைக் கல்லுக்கு உள்ளே யார்?

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் அது எல்லை விரிக்கப்பட்டுத் தேசிய பூங்காவாக்கப்பட்டது. பெயர் மாற்றந்தானே என்று எண்ணிவிடக் கூடாது. எமது நாட்டுச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், மக்களின் வழமையான தொழிலும் நடக்கலாம். தேசிய பூங்காவோ முற்றிலும் அரச காணியில் அமைய வேண்டியது. அனுமதியின்றி உட்புகுவதும், பயிரிடுவதும், மாடு மேய்ப்பதும் அங்கே குற்றம்.

மக்கள் ஊரில் இல்லாத காலத்தில் வயலில் பற்றை வளரும். பற்றை காடாகும். காட்டைக் காணும் அதிகாரி அதை அரச நிலம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்வார். போருக்குப் பின் வடக்கெங்கும், வனஜீவராசிகள் திணைக்களமும் வனத் திணைக்களமும் இட்ட எல்லைக் கற்களுக்குள் தமது வயலும் மேய்ச்சற் தரையும் அகப்பட்டுவிட்டதாக மக்கள் முறையிட்டு வருவதன் பின்னணி இதுவே. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும் என்றது. உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் இடைக்காலத் தடை வழங்கியிராவிடின், உறுதியைப் போரில் தொலைத்தவர்களும் கடல் கடந்து வாழ்பவர்களும் என்ன செய்திருப்பார்கள்?

இதற்காகப் பறவைகள் மீது கோபங்கொள்வது பொருந்தாது. பறவை எவரது காணியையும் கேட்கவில்லை. மனிதனை வெளியேற்றினால்தான் பறவை வாழும் என்ற எண்ணமே பிழையானது. அதற்கு எதிரான சாட்சி வேடந்தாங்கலில் இருக்கிறது.

வேடந்தாங்கல் காட்டும் வழி

தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஒரு சிறு ஏரிதான். அங்கே பறவைகளை முதலில் காத்தவர்கள் அதிகாரிகள் அல்லர், அவ்வூர்க் கமக்காரர்கள். கூடுகட்டும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து அவர்களது வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். அவரும் பறவைகளுக்கு ஊறு செய்வதைத் தடுக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். வேட்டைத் தடை ஊரவரின் கோரிக்கையாகவே பிறந்தது. வயலுக்குப் பயன், ஊருக்கு உரிமை, பறவைக்குக் காவல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன. சுண்டிக்குளத்திலும் நாம் கேட்பது இதைத்தான்.

வழிகாட்டி யாராக இருக்க வேண்டும்?

சுற்றுலா வாகனம் கொழும்பில் புறப்படுகிறது. வழிகாட்டியும் அங்கிருந்தே வருகிறார். தங்குவது நகரத்து விடுதியில். ஊருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாகனம் கிளப்பும் புழுதி மட்டுமே. ஆனால் எந்தக் காற்றுக்குப் பூநாரை எந்தத் துறைக்கு ஒதுங்கும், எந்த வற்றில் உள்ளான் இறங்கும் என்பதை அறிந்தவர்கள் களங்கட்டி மீனுக்கும் தோணியில் இறாலுக்கும் போகும் தொழிலாளரும், தரவையில் மாடு மேய்ப்பவரும், வயலுக்குக் காவல் இருந்தவருமே. இந்த அறிவுக்குக் கூலி கிடைக்க வேண்டும்.

எம் இளைஞருக்குத் தேவையானவை ஒரு தொலைநோக்கி, பறவைகளின் பெயர் சொல்லும் நல்ல புத்தகம், சிறிது ஆங்கிலமும் சிங்களமும், முறையான வழிகாட்டி அனுமதிப்பத்திரம். கடற்றொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து தோணி, மதிய உணவு, தங்குமிடம் என்று ஒழுங்கு செய்தால் பணம் ஊரிலேயே தங்கும். ஒழுங்குவிதிகளையும் ஊரே இட வேண்டும். கூட்டத்தை எழுப்பிப் பறக்கவைத்துப் படம் பிடிக்கக் கூடாது. வாகனத்தைத் தரவைக்குள் இறக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து இளைத்துவந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் எழும்பலும் தின்ற உணவை வீணாக்குவதாகும். பறவைக்குக் கண்ணி வைப்போரைத் தடுக்கும் பொறுப்பும் ஊருக்கே உரியது.

ஒன்றை மட்டும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும். பறவை பார்க்கும் தொழில் ஆண்டில் ஐந்தாறு மாதம் நடப்பது. அது காணிக்குப் பக்கத்துணை, காணிக்கு ஈடல்ல. “வயலை விடுங்கள், சுற்றுலாவில் வேலை தருகிறோம்” என்று எவரேனும் வந்தால் அந்தப் பேச்சுக்கு நாம் இடங்கொடுக்கலாகாது.

இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. உறுதி, அனுமதிப்பத்திரம், வரிச்சிட்டை, பழைய வாக்காளர் பதிவு, பசளை மானியத் துண்டு எதுவாயினும் அதன் பிரதியை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். உங்கள் காணி எல்லைக் கல்லுக்குள் அகப்பட்டிருப்பின், பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவித்து, காணிக்காரர் முன்னிலையில் நில அளவை செய்யுமாறு கேளுங்கள். தனித்தனியே அலையாமல் ஊராகச் சேர்ந்து செல்லுங்கள். ஈரநிலத்தில் பெரிய கட்டுமானம் வரும்போது சூழல் அறிக்கையைக் கேட்பதும் எமது உரிமையே. 2025 செப்டெம்பரில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட மண்டைதீவும் பறவைகள் கூடும் இடந்தான்.

அதிகாரிகளிடம் நாம் கேட்பது இரண்டு. முதலாவது, எல்லை குறிக்கும் முன் காணிக்காரனைக் கேளுங்கள். இரண்டாவது, காவலுக்கு அவனையே துணையாக்குங்கள். தன் வயலுக்குத் திரும்பிய கமக்காரன் குளத்தைத் தூர்வாருவான், வாய்க்காலை வெட்டுவான், வரம்பைக் கட்டுவான். பறவைக்குத் தேவையான தண்ணீரும் சேறும் அதனாலேயே கிடைக்கும்.