விற்க மனமில்லாத கடைக்காரர்

கடையைத் திறந்து வைத்துவிட்டு, நல்ல சாமானாகப் பார்த்து ஒளித்துவைக்கும் வியாபாரியை நீங்கள் கண்டதுண்டா? லண்டனில் இருந்தார் ஒருவர். பெயர் சார்லஸ் மார்ட்டின்.

மார்ட்டின் சகோதரர்கள் நால்வர். 1873-ல் தொடங்கிய பீங்கான் தொழிலை 1877-ல் சவுத்தாலுக்குக் கொண்டுபோனார்கள். ஆம், இன்று பஞ்சாபிகள் நிறைந்திருக்கும் அதே சவுத்தால்தான்! மூத்தவர் வாலஸ் உருவங்கள் வடிப்பார். வால்ட்டருக்குச் சக்கரமும் சூளையும். எட்வின் ஜாடிகளின்மேல் பூவும் மீனுமாகக் கீறுவார். சூளை தகதகவென்று எரியும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். நாம் ரசத்தில் போடுகிறோமே, அதே உப்பு! அது ஆவியாகி மண்ணோடு சேர்ந்து கண்ணாடிபோல் படியும். சூளை சொன்னபடி கேட்காவிட்டால் அத்தனை உழைப்பும் பாழ்.

வாலஸின் பறவை ஜாடிகளைப் பார்க்கவேண்டும்! கோணல் அலகு, கள்ளப் பார்வை. வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கும். தலைதான் மூடி, உள்ளே புகையிலை.

இவற்றை விற்கச் சார்லஸுக்கு மனம் வருமா? சிறந்தவற்றைக் கடையின் மரத்தளத்துக்கு அடியில் பதுக்கினாராம். 1903-ல் கடை தீப்பிடித்தது. மனுஷர் அப்புறம் தேறவேயில்லை. சித்தம் கலங்கி 1910-ல் இறந்தார். 1912-ல் வால்ட்டர், சூளையின் சூட்சுமமும் அவரோடு போயிற்று. 1915-ல் எட்வின், 1923-ல் மூத்தவர்.

அந்தப் பறவைகள் இன்று ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன. வாங்குகிறவர்கள் முதலில் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். தலையிலும் உடலிலும் பெயர், ஊர், தேதி கீறியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விலை இறங்கிவிடும்.