தொட்டி மீனும் கத்திரி வெயிலும்



கோடை விடுமுறை பிறந்ததும் பிள்ளைகளின் வேண்டுதலுக்கு இணங்கி, சிறு கண்ணாடித் தொட்டி ஒன்றும் நாலைந்து வண்ண மீன்களும் வாங்கி வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகிறது. நல்ல வழக்கமே. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் கொளுத்த ஆரம்பித்ததும், மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதக்கின்றன. பிள்ளை அழுகிறது. "இருபது ரூபாய் மீன்தானே, வேறு வாங்கித் தருகிறேன்" என்று தந்தை தேற்றுகிறார். அன்பினால் சொல்லப்படும் சொல்தான். எனினும், உயிர் என்பது கடையில் கிடைக்கும் சரக்கு, போனால் இன்னொன்று வாங்கலாம் என்ற பாடத்தை அன்றோ பிள்ளையின் உள்ளம் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது! காசுக்கு விற்கப்படும் குருவிகளில் ஒன்றுகூட வானகத் தந்தையின் பார்வைக்குத் தப்புவதில்லை என்று போதித்த ஆண்டவரின் சீடர்கள் நாம்.

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீன் வெயில் ஏறும்போது ஆழத்திற்குச் செல்கிறது. மர நிழலைத் தேடுகிறது. தொட்டி மீனுக்கு ஆழமும் இல்லை, நிழலும் இல்லை. அவற்றை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாம். ஆகவே அந்தக் குளிர்ச்சியைத் திருப்பித் தருவது நமது இரக்கம் மட்டுமன்று, கடமையுமாகும்.

வெப்பம் மீனை எவ்வாறு கொல்கிறது? தண்ணீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமுக்கும் சற்றே குறைகிறது. அதே வேளையில் மீனின் உடல் வேகமாக இயங்கி, முன்னிலும் அதிகப் பிராணவாயுவைக் கேட்கிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், செவுள்கள் விரைந்து துடிப்பதும் விளையாட்டல்ல; மூச்சுத்திணறலின் அடையாளம். கப்பி, மோலி போன்றவை 28 டிகிரி வரை தாராளமாகத் தாங்கும். தங்கமீனோ குளிர்நீருக்கு உரியது. நம் கோடை அதற்குக் கடும் சோதனை.

தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்கள் கடைகளில் உள்ளன. பல ஆயிரம் ரூபாய் விலை. நாற்பது லிட்டர்த் தொட்டிக்கு அவை தேவையில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதுபற்றி இரண்டு உண்மைகளை ஒருசேரக் கற்பிக்கிறது: உயிரினங்களைக் காரணமின்றித் துன்புறச் செய்வது மனித மாண்புக்குத் தகாது, வறியோரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மீது கொட்டுவதும் தகாது. நமக்கு வேண்டியது பெருஞ்செலவல்ல. நாள்தோறும் சிறிது கவனமே.

முதலாவது, தொட்டியின் இடத்தைப் பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டியோ, ஜன்னல் ஓரத்திலோ, குளிர்பதனப் பெட்டியின் மேலோ தொட்டி இருக்கலாகாது. தண்ணீர் நிறைந்த தொட்டியைத் தூக்கினால் கண்ணாடி விரிசல் காணும். ஆகவே பெரும்பகுதி நீரை இறைத்த பின்னரே இடம் மாற்ற வேண்டும். பகலில் தொட்டி விளக்கை அணைத்து விடுங்கள். அதுவும் ஓர் அடுப்பே. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தின்னாமல் எஞ்சியது அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும்.

இரண்டாவது, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். அதன் மேலாக, நீர்ப்பரப்பைத் தழுவிச் செல்லும்படி ஒரு சிறு மின்விசிறியை வையுங்கள். நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிரச் செய்யும் அதே வித்தைதான் இது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்கிறதல்லவா? விசிறிக் காற்று அந்த வேலையைத் தொட்டியில் செய்கிறது. வறண்ட காற்றுள்ள மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் நீரின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி வரை தணியும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் சற்றுக் குறைவாகத் தணியும். விசிறி நீரில் விழாதவாறு உறுதியாகப் பொருத்துவதும், மின்கம்பியில் நீர் வழிந்து செல்லாமல் பார்ப்பதும் பெரியவர்களின் பொறுப்பு.

பனிக்கட்டி போடலாமா என்று பலர் கேட்கின்றனர். கட்டிகளை நேரடியாகப் போடுவது தவறு. திடீர்க் குளிர்ச்சி வெப்பத்தைப் போலவே மீனை வாட்டும். அரைலிட்டர் பிளாஸ்டிக் குப்பியில் முக்கால் பங்கு நீர் நிரப்பி உறையவைத்து, மூடியோடு மிதக்கவிடலாம். ஆயினும் அதன் பயன் சிறிதே. அக்குப்பி முழுவதும் உருகினாலும், நாற்பது லிட்டர் நீர் ஏறத்தாழ 1 டிகிரிதான் தணியும். விசிறிக் காற்றில் அரைலிட்டர் நீர் ஆவியாகும்போதோ, அதைப்போல் ஏழு மடங்குக்குக் குறையாத வெப்பம் வெளியேறுகிறது. ஆகவே விசிறியை நாள்தோறும் நம்புங்கள்; உறைந்த குப்பியை நெருக்கடி வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்ய வேண்டும். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கொதிநீரை ஒத்தது, அதை ஊற்றலாகாது. அதிகாலையில் வாளியில் பிடித்து, நிழலில் ஒரு நாள் வைத்திருந்தால், கிருமிநாசினியாகக் கலந்த குளோரினும் பெரும்பாலும் அகலும், நீரும் ஆறும். ஒரே நேரத்தில் நீர் முழுவதையும் மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றினால் போதும்.

மின்சாரம் நின்றுவிட்டால்? பருத்தித் துணியை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, ஜன்னலைத் திறந்து காற்றுப்பட விடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை சொம்பில் நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றுங்கள்; விழும் நீர் காற்றைச் சுமந்து செல்லும். இவ்வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். வெப்பமானி ஒன்றைத் தொட்டியில் வைத்து, காலை, நண்பகல், மாலை என மூவேளையும் குறித்துவரச் செய்யுங்கள். வாய்பேச இயலாத ஓர் உயிரின் தவிப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிய பிள்ளை, நாளை கட்டிலில் கிடக்கும் பாட்டியின் தாகத்தையும் கேளாமலே அறிந்துகொள்ளும். குடும்பம் என்னும் பள்ளியில் இதைவிடப் பெரிய பாடம் ஏது?

தானியேல் நூலில், எரியும் சூளைக்குள் தள்ளப்பட்ட மூன்று இளைஞர்கள் ஆண்டவரைப் புகழ்ந்து பாடியதை நாம் அறிவோம். வெயிலையும் குளிரையும் நீர்வாழ் உயிர்களையும் அவர்கள் இறைபுகழ் பாட அழைத்தனர். நெருப்பின் நடுவே நின்றவர்களின் நினைவில் மீன்களுக்கும் இடம் இருந்தது. கூடத்தின் நிழலில், விசிறிக்கு அடியில் அமர்ந்திருக்கும் நமக்கு அந்நினைவு இன்னும் எளிதாக வர வேண்டும். இன்று மாலை செபமாலை முடிந்து எழும்போது, மூலையில் இருக்கும் அத்தொட்டியையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், செய்ய வேண்டியது இன்னதென்று இனி உங்களுக்குத் தெரியும்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றில் வாழும் சிற்றுயிர்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புள்ள
பங்குத்தந்தை