கடிகாரமா, படமா?

இரவு நன்றாக இருந்த ஒருவர் காலையில் எழும்போது வலக்கை வரவில்லை, பேச்சும் குழறுகிறது. பக்கவாதம் எப்போது தொடங்கிற்று? பத்து மணிக்கா, விடியற்காலையிலா? யாருக்கும் தெரியாது. ஆனால் மருத்துவம் வெகுகாலம் அந்த நேரத்தைக் கேட்டுத்தான் சிகிச்சையைத் தீர்மானித்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு 1995-இல் 3 மணி நேரக் கெடு. 2008-இல் அது நாலரை மணியாயிற்று. குழாய்க்குள் கருவியை நுழைத்துக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015-இல் வெற்றி பெற்றபோதும் பெரும்பாலும் 6 மணிதான் எல்லை.

எல்லார் மூளையும் ஒரே வேகத்திலா அழியும்? வாய்க்கால் அடைபட்ட வயலைப் பாருங்கள். ஒரு பகுதிப் பயிர் காய்ந்து சருகாகிவிடும். அடுத்த பகுதி பக்கத்து வயலின் கசிவு நீரால் தலைசாய்ந்து நிற்கும், சாகாது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கசிவைப் பொறுத்தது.

மூளையிலும் இதே கதைதான். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் வேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும், உயிர் இருக்கும். 10-க்கும் கீழே போனால் மடியும். இடைப்பட்ட பகுதிக்குக் கிரகணப் பாடத்தில் நீங்கள் படித்த 'புறநிழல்' என்ற பெயரையே வைத்தார்கள். ஆஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் ஆகிய மூவர் 1981-இல் எழுதிய கட்டுரை இதை நிலைநாட்டியது.

புறநிழலைக் கண்ணால் காண்பது எப்படி? கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, மூளையைச் சுமார் ஒரு நிமிடம் திரும்பத் திரும்ப சி.டி. படமெடுப்பார்கள். அயோடின் எக்ஸ் கதிரைத் தடுப்பதால், இரத்தம் வந்த இடம் பளிச்சிட்டு மங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் இது எப்போது, எவ்வளவு நிகழ்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். இரத்தம் மிகத் தாமதமாக வந்தால் அது பட்டினி கிடக்கும் பகுதி. ஓட்டம் இயல்பில் 30 சதவீதத்துக்கும் குறைந்தால் அநேகமாக இறந்த பகுதி.

படம் அழகாயிருந்தால் போதுமா? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப் பொறுக்கியெடுத்துச் சிகிச்சை செய்வதில் பயனில்லை என்றது. கருவிகள் பழையவை, பல நோயாளிகளுக்குக் குழாய் சரியாகத் திறக்கவே இல்லை. ஸ்டான்ஃபோர்டு நரம்பியல் நிபுணர் கிரெகரி ஆல்பர்ஸ் விட்டுவிடவில்லை. 2006, 2012, 2018 என்று மூன்று ஆய்வுகள் செய்தார். மூன்றாவதில் 6 முதல் 16 மணி நேரம் கடந்து வந்த 182 பேர். கட்டி எடுக்கப்பட்டவர்களில் 45 சதவீதத்தினர் 90 நாளில் பிறர் உதவியின்றி வாழ்ந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். அதே 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வு எல்லையை 24 மணி வரை நீட்டியது. தூங்கி எழுந்த நம் நோயாளிக்கும் வழி பிறந்தது.

இதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புச் செல்கள் மடிகின்றன என்பது 2006-இல் போட்ட கணக்கு. புறநிழல் காத்திருக்கும், ஆனால் நெடுநேரம் அன்று.

என் கவலை வேறு. வழி திறந்த படமே இப்போது வாயிற்காவலனாகிவிடக் கூடாது. 'இறந்த பகுதி பெரிது, இனிப் பயனில்லை' என்று படத்தைக் காட்டி ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் 2022-இல் ஜப்பானிலும் 2023-இல் சீனாவிலும் வெளிவந்த ஆய்வுகள், அத்தகையவர்களிலும் பலர் தேறுவதைக் காட்டின. சேர்ப்பதற்குப் படத்தை நம்பலாம். விலக்குவதற்கு அதை மட்டும் நம்புவது தவறு என்பேன். இந்த வசதியே இல்லாத ஆஸ்பத்திரியும் கைவிரிக்க வேண்டியதில்லை. 2023-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சாதாரண சி.டி. கருவியில் இரத்தக் குழாய்களைப் படமெடுத்து, பக்கக் கிளைகளில் ஓட்டம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தே, 24 மணி வரை வந்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பலன் கண்டார்கள்.