கண்ணின் ஒறுத்தல்

மாசி மாதப் பின்பனியில் கோடியக்கரைக் காட்டுவழியே நடப்பவர் பேறுபெற்றவர். பாலை மரங்களின் நிழலில் சருகு கிளறும் ஆறுமணிக்குருவி, கோடையில் இனம்பெருக்க வடபுலக் காடுகளுக்குத் திரும்பிவிடும். வழியோரம் களாவும் தும்பையும் வெண்மையாய்ப் பூத்திருக்கும். காடு முடிந்து மணல் தொடங்குமிடத்தில் அடும்பங்கொடி படர்ந்திருக்கும். அப்பால் சேற்றுப்பரப்பில், நாற்பது கிராம் எடைகூட இல்லாத கொசு உள்ளான், சைபீரியாவின் வடகோடிக்குப் பறப்பதற்காக இரை தேடிக்கொண்டிருக்கும்.

இவற்றைக் காண்பதை வீண் பொழுதுபோக்கு என ஒதுக்கும் பக்தியை நான் மறுக்கிறேன். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைக் கவலையுற்றோர்க்கு எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! குருக்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்: ஆறுதலை எடுத்துக்கொண்டோம், கட்டளையை விட்டுவிட்டோம். பறவைகளை உற்றுநோக்கவும் காட்டுமலர்களைக் கவனிக்கவும் ஆண்டவர் பணித்தார். மலர்களைப் பற்றிய இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் ஊன்றிக் கற்றலைக் குறிப்பது. பெயர்கூட அறியாத ஒன்றை ஊன்றிக் கற்றோம் என எவ்வாறு சொல்வது?

"மனிதர் பசித்திருக்கப் பறவைக்கா பரிவு?" என்பர் சிலர். உள்ளானுக்கு இரை தரும் அந்தச் சதுப்புநிலமே இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் தொட்டில். அது கெட்டால் முதலில் உலை அணைவது ஏழை மீனவர் வீட்டில்தான்.

"மனிதருக்கே ஆட்சி அளிக்கப்பட்டது" என்பர் வேறு சிலர். தொடக்கநூலைத் திறந்து பாருங்கள். பறவைகள் இறைவனின் ஆசியைப் பெற்றது ஐந்தாம் நாளில். மனிதர் பெற்றதோ ஆறாம் நாளில். நிலத்தைப் பண்படுத்துவதும் காப்பதுமே மனிதரின் பணி என்று அடுத்த அதிகாரம் தெளிவாக்குகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் இதையே வலியுறுத்தியது.

கோடியக்கரை 1967இல் சரணாலயமாயிற்று. 2002இல் ராம்சர் ஈரநிலமாக உலகின் ஏற்பும் பெற்றது. சட்டம் கண்டுகொண்டதை நம் மறைக்கல்வி இன்னும் கண்டுகொள்ளவில்லை. வேளாங்கண்ணிக்கு இலட்சக்கணக்கில் திரள்கிறோம். அதே கடற்கரையில் தெற்கே நிற்கும் இக்காட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆகவே, இத்தவக்காலத்தில் இறைச்சியை மட்டும் ஒறுத்தால் போதாது. கண்ணின் சோம்பலையும் ஒறுப்போம். ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகளை உங்கள் ஊர் ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஐந்து பறவைகளின் பெயரையும் ஐந்து மலர்களின் பெயரையும் அவர்கள் கற்கட்டும். அதன்பின் அந்த நற்செய்திப் பகுதியை அங்கேயே நின்று வாசியுங்கள். ஆண்டவர் எதைச் சுட்டிக்காட்டிப் பேசினார் என்பது அப்போது அவர்களுக்கு விளங்கும், நமக்கும் விளங்கும்.