வெண்டைக்காய் காத்திருக்காது

தாமான்களில் சமூகத் தோட்டம் அமைப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். விதை, உரம், வேலி என எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருக்கிறோம். விளைந்து மிஞ்சுவதை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. ஷா ஆலமில் படிக்கும் மாணவியாக இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் கங்கோங் கீரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டை காய்க்கத் தொடங்கினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். விட்டால் முற்றி நாராகிவிடும். பறித்த கீரையோ மறுநாளே வாடிவிடும். ஆகவே, தோட்டம் போட்டால் ஒரு குடும்பம் சாப்பிட முடியாத அளவுக்கு மிஞ்சும் நாள் வந்தே தீரும்.

ஷா ஆலம் எழுந்ததே ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில்தான். அன்றைய தோட்டப்புற லயங்களில் வீட்டோரம் விளைந்த முருங்கையும் கத்தரியும் பக்கத்து வீட்டுக்கும் போயின. அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவர். 1974-இல் துன் அப்துல் ரசாக் 'புக்கு ஹிஜாவ்' திட்டத்தைத் தொடங்கி, காய்கறி பயிரிட மக்களை ஊக்குவித்தார். பயிரிடும் ஆர்வம் இன்றும் இருக்கிறது. ஆனால் அடுக்குமாடியில் அடுத்த வீட்டார் பெயரே தெரியாதபோது, பகிர்வு தானாக நடக்காது.

கோலாலம்பூரில் 2017-இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே இருந்த நிலத்தில் தன்னார்வலர்கள் பயிரிட்டு, தேவைப்படுவோருக்கும் விளைச்சலைக் கொடுக்கிறார்கள். நில அனுமதி தொடர்பான சிக்கல்களையும் அந்தத் தோட்டம் சந்தித்திருக்கிறது. இத்தகைய நிலங்கள் பெரும்பாலும் நமக்குச் சொந்தமானவை அல்ல. நாளை ஒரு தோட்டத்தை அகற்றச் சொன்னால் அதற்காகக் குரல் கொடுப்பவர் யார்? அதில் விளைந்ததைச் சாப்பிட்டவர்கள்தான்.

"இரவுச் சந்தையில் கீரை மலிவாகவே கிடைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். வாடகை அறையில் தங்கி, மாதக் கடைசியில் மெகியைக் கொண்டு நாளை ஓட்டும் மாணவருக்கு அந்தச் சில ரிங்கிட்டும் கணக்குத்தான்.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், தோட்ட வாசலில் ஒரு மேசை போதும். காலையில் பறித்ததை அன்று மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்க வருபவரிடம் காரணம் கேட்கக்கூடாது. எஞ்சியது உரக்குழிக்குப் போகட்டும். கொண்டு சேர்க்கும் வேலையைப் பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்கள் ஏற்கலாம். கலைநிகழ்ச்சிக்கு மாதக்கணக்கில் உழைக்கும் நமக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது கடினமா?